கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு கேட்டர்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் சிறுவர் பக்கத்தில், பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் போக்கிமான் வீடியோ கேம் பிறந்த கதை வந்திருந்தது. ஜப்பானில் ஒரு பையன் பூச்சி பிடித்தானாம், பெரியவனானதும் போக்கிமான் செய்தானாம், உலகமே விளையாடியதாம். அவ்வளவுதான் கட்டுரை. அதன் கீழே ஒரு கட்டம்: நீங்களும் ஒரு பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே புல் போட்டு, பூச்சி பிடித்து வளர்க்கலாமே என்று. மேலே இருந்தது அரைகுறை. கீழே இருந்ததை அப்படியே செய்தால் மறுநாள் காலையில் பூச்சி மல்லாந்து கிடக்கும். இரண்டையும் கொஞ்சம் நேராக்கலாம் என்றுதான் இந்தக் கடிதம். பூச்சி வளர்க்கிறவர்களும் அந்த விளையாட்டைக் கரைத்துக் குடித்தவர்களும் சேர்ந்து எழுதுகிறோம். நீளம் கூடினால் பொறுத்துக்கொள்ளவும்.

அந்தப் பையன் பெயர் சதோஷி தஜிரி. பிறந்தது 1965-ல். வளர்ந்தது டோக்கியோவை ஒட்டிய மச்சிடாவில். அன்றைக்கு அது வயலும் குட்டையும் தோப்புமாக இருந்த புறநகர். கூட்டாளிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பூச்சி டாக்டர்'. ஜப்பானியச் சிறுவர்களுக்குக் காண்டாமிருக வண்டும் கொம்பு வண்டும் என்றால் உயிர். நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் பொன்வண்டு எப்படியோ அப்படி. அவற்றைப் பிடிக்க அங்கே எல்லோரும் செய்வது மரப்பட்டையில் தேன் தடவுவது. தஜிரி வேறு மாதிரி யோசித்தார். வண்டு ராத்திரி மேய்கிறது, பகலில் எங்கேயோ தூங்குகிறது. கல்லுக்கு அடியில் தூங்க அதற்குப் பிடிக்கிறது. ஆகவே மரத்தடியில் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்துவிடுவது, காலையில் போய்ப் புரட்டிப் பார்ப்பது. 1999-ல் டைம் இதழுக்குக் கொடுத்த பேட்டியில் இதை அவரே சொல்லியிருக்கிறார். பூச்சி வரும் இடத்துக்கு ஓடுவதை விட்டு, பூச்சி தங்கும் இடத்தைத் தானே செய்து வைக்கும் இந்தப் புத்திதான் பின்னால் விளையாட்டு முழுக்கத் தெரிகிறது. உங்கள் கட்டுரை தாண்டிப் போனது இதைத்தான்.

மச்சிடாவில் வீடுகள் பெருகின. மரங்கள் போயின, மரத்தோடு வண்டும் போயிற்று. மீன் பிடித்த குட்டை இருந்த இடத்தில் வீடியோ கேம் கூடம் வந்தது. 1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பையனை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது. 1983-ல் 'கேம் ஃப்ரீக்' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை, தாளை அடுக்கி ஸ்டேப்ளர் பின் அடித்து. அதற்குப் படம் போட வந்து சேர்ந்தவர் கென் சுகிமோரி. பின்னால் போக்கிமான்களுக்கு உருவம் கொடுத்தவரும் இவரே. 1989-ல் பத்திரிகை நிறுவனமாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் நின்டெண்டோவின் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுப் பெட்டி ஜப்பானில் கடைக்கு வந்தது: 160-க்கு 144 புள்ளித் திரை, நான்கே சாயல், நான்கு பென்சில் பேட்டரி. இரண்டு கேம் பாய்களை ஒரு கேபிளால் இணைக்கலாம். டெட்ரிஸ் மாதிரி போட்டி ஆட்டத்துக்கு என்று மற்றவர்கள் நினைத்த அந்தக் கேபிளில், உயிருள்ள பூச்சி ஒன்று இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஊர்ந்து போவதாகத் தஜிரி கற்பனை செய்தார். அது விளையாட்டாகி வெளிவர ஆறேழு ஆண்டுகள் ஆயின. 1996 பிப்ரவரி 27 அன்று சிவப்பு, பச்சை என இரண்டு கேசட்டுகள் வந்தன. சரியான பெயர் கேட்ரிட்ஜ்தான். நம் ஊரில் அது என்றைக்கும் கேசட்.

ஏன் இரண்டு? இங்கேதான் பூச்சி பிடிக்கிறவனின் கணக்கு இருக்கிறது. சிவப்புக் கேசட்டில் சைத்தர் என்ற போக்கிமான் கிடைக்கும். கும்பிடுபூச்சியின் சாயல் அதற்கு. கொம்பு வண்டைப் பார்த்து வரைந்த பின்சிர் அதில் கிடையவே கிடையாது. அடுத்த கேசட்டில் பின்சிர் உண்டு, சைத்தர் இல்லை. என் தெருவில் கிடைக்கும் வண்டு உன் தெருவில் கிடைக்காது. இரண்டும் வேண்டுமென்றால் நீயும் நானும் சேர்ந்து உட்கார வேண்டும். நம் பிள்ளைகள் டிரம்ப் கார்டையும் தீப்பெட்டிப் படத்தையும் மாற்றிக்கொண்ட பேரம் இதுவேதான். போதாக்குறைக்கு, நான்கு போக்கிமான்கள் கேபிள் வழியாகக் கைமாறினால்தான் கடைசி உருவத்துக்குப் போகும். எவ்வளவு கெட்டிக்காரனானாலும் தனியாளாய் விளையாடி எல்லாப் போக்கிமானையும் சேர்க்க முடியாது என்பதை விதியாகவே எழுதிவிட்டார்கள்.

புல்லுக்குள் நடக்கும்போது எது வரும் என்பதும் தற்செயல் இல்லை. முதல் தலைமுறை விளையாட்டில் ஒவ்வொரு புல்வெளிக்கும் பத்து இடம் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. 256 வாய்ப்பில் முதல் இரண்டு இடங்களுக்குத் தலா 51, மூன்றாவதுக்கு 39, அடுத்த மூன்றுக்குத் தலா 25, பிறகு 13, 13, 11, கடைசி இடத்துக்கு வெறும் 3. கூட்டிப் பாருங்கள், 256 வரும். கிண்டிப் பக்கம் ஒரு காலை நேரம் நடந்து கண்ணில் பட்ட பூச்சியையெல்லாம் குறித்துக்கொண்டு வந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் ரொம்பப் பழக்கமானதாக இருக்கும். இரண்டு மூன்று இனம் மொய்க்கும், நாலைந்து இனம் அங்கொன்று இங்கொன்று, ஒன்றே ஒன்று மட்டும் நூறு தடவை போனால் ஒரு தடவை. விளையாட்டில் வரும் விரிடியன் காட்டில் பிகாச்சு நூற்றுக்கு ஐந்து தடவைதான் வரும். 'புல்லுக்குள் ஏதோ இருக்கிறது' என்ற பரபரப்பைக் கட்டிக் காப்பது அந்த 3-தான்.

சஃபாரி மண்டலம் என்று ஒன்று வரும். கையில் 30 பந்து, 500 காலடி, அவ்வளவே. இரை வீசினால் பிராணி ஓடும் வாய்ப்பு குறையும், ஆனால் பிடிபடுவதும் கடினமாகிவிடும். கல் எறிந்தால் சுலபமாகச் சிக்கும், ஆனால் ஓடிவிடும் வாய்ப்பு கூடும். தேனா, கல்லா என்ற அதே கேள்வி. அடுத்து 1999-ல் வந்த தங்கம், வெள்ளி கேசட்டுகளில் பூச்சி பிடிக்கும் போட்டியே இருக்கிறது: செவ்வாய், வியாழன், சனி மட்டும், 20 நிமிடம், 20 பந்து. மரத்தை முட்டி உலுக்கினால் விழும் ஹெராகிராஸ் அசல் ஜப்பானியக் காண்டாமிருக வண்டு. 2002-ல் வந்த நின்கேடா மண்ணுக்குள் கிடக்கும் சில்வண்டுக் குஞ்சு. அது இறக்கை முளைத்துப் பறக்கும்போது உரித்துப் போட்ட தோலும் தனி ஒரு போக்கிமானாகக் கையில் நிற்கும். மரப்பட்டையில் ஒட்டிக் கிடக்கும் சில்வண்டுத் தோலைப் பிய்த்துச் சட்டையில் மாட்டிக்கொண்டு திரிந்த பிள்ளைகளுக்கு இந்த நகைச்சுவை விளக்காமலே புரியும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. உங்கள் கட்டுரை 'பரிணாமம்' என்கிறது. விளையாட்டும் அப்படித்தான் சொல்கிறது, குற்றமில்லை. ஆனால் புழு கூட்டுப்புழுவாகிப் பட்டாம்பூச்சியாவது உருமாற்றம். பரிணாமம் ஒரு பூச்சியின் ஆயுளுக்குள் நடப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பக்கத்தில் அடுத்த முறையாவது உருமாற்றம் என்றே போடுங்கள்.

பழைய கேசட்டைத் தேடி ரிச்சி தெருவில் அலைகிற கூட்டம் இன்றும் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம். அந்தக் கேசட்டில் நீங்கள் பிடித்து வைத்ததெல்லாம் 32 கிலோபைட் நினைவகத்தில் இருக்கிறது. அதை உயிரோடு வைத்திருப்பது உள்ளே பற்றவைத்த ஒரு 3 வோல்ட் பொத்தான் பேட்டரி. பேட்டரி செத்தால் விளையாட்டு ஓடும், ஆனால் சேமித்தது நிற்காது. அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி முதலிலிருந்து. பேட்டரியை மாற்றலாம், பழைய சேமிப்பு திரும்பாது. மாற்றும்போது தகடு ஒட்டிய பேட்டரியாகக் கேட்டு வாங்க வேண்டும். வெறும் பேட்டரியின் மேலேயே சூட்டுக்கோலை வைத்தால் சூட்டில் வெடிக்கலாம். விற்கிறவர் 'வொர்க்கிங் கண்டிஷன்' என்றால் ஆட்டம் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். சேமித்து, அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள்.

இனி அந்தப் பாட்டில் விஷயம்.

போக்கிமானில் பிள்ளைகள் முதன்முதலில் பிடிப்பதில் ஒன்று கேட்டர்பி. பச்சைப் புழு, பெரிய கண், நெற்றியில் சிவப்பாக இரட்டைக் கிளைக் கொம்பு. அந்தக் கொம்பிலிருந்து நாற்றம் விட்டு எதிரியை விரட்டும் என்று விளையாட்டின் குறிப்பே சொல்கிறது. இது கற்பனைப் பிராணி என்று நினைக்கிறவர்கள் மொட்டைமாடிக்குப் போய்க் கறிவேப்பிலைத் தொட்டியைப் பார்க்கட்டும். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்னும் இரண்டு பட்டாம்பூச்சிகளின் புழு அங்கே இருக்கும். முதுகை ஒரு துரும்பால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் ஈரமான ஒரு கவட்டை விருட்டென்று வெளியே நீளும். கூடவே அழுகின நாரத்தம்பழ வாடை. சில விநாடியில் உள்ளே இழுத்துக்கொள்ளும். கண் மாதிரி தெரிவது கண்ணே இல்லை, தோளில் இருக்கும் பொட்டு; உண்மையான தலை கீழே மடிந்து சின்னதாக இருக்கும். சென்னையில் இந்தக் கேட்டர்பிகளில் பல, கறிவேப்பிலையில் பூச்சி வந்துவிட்டது என்று தெளிக்கும் வேப்பெண்ணெயிலும் புளித்த மோரிலும் போய்விடுகின்றன.

வளர்ப்பது இப்படி. ஆறு ஏழு அங்குல வாய் அகலமுள்ள பிளாஸ்டிக் ஜாடி, உயரம் ஓர் அடிக்குக் குறையாமல். மூடி வேண்டாம். கொசுவலைத் துணியை மேலே போட்டு ரப்பர் பேண்ட். மூடியில் ஆணியால் போட்ட நாலு ஓட்டை வழியாக ஈரம் வெளியேறாது. இலையும் எச்சமும் விடும் ஈரம் சுவரில் வியர்த்து, எச்சத்தில் பூஞ்சை கட்டி, புழு பேதி கண்டு சாகும். உங்கள் கட்டத்தில் இருந்த பாட்டிலின் முதல் கோளாறு இது. இரண்டாவது, புல். இந்தப் புழு பட்டினி கிடந்து சாகுமே தவிரப் புல்லைத் தொடாது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் என அந்தக் குடும்பத்து இலை மட்டும்தான். எருக்கஞ்செடியில் எடுத்த வெந்தய வரியன் புழுவுக்கு எருக்கிலை, ஆமணக்கில் எடுத்ததற்கு ஆமணக்கு. எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடியின் இலை என்று பிள்ளைகளுக்கு ஒரே வரியாகச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது கோளாறு உங்கள் கட்டத்தில் இல்லை, ஆனால் எல்லோரும் செய்வது: காய்கறிக் கடையில் வாங்கிய கறிவேப்பிலை. மருந்தடித்த இலை என்றால் எத்தனை அலசினாலும் போதாது. புழு ஒரு மணி நேரத்தில் பச்சையாகக் கக்கி, உடலை இரண்டாக மடித்துக்கொண்டு துடிக்கும். அப்புறம் காப்பாற்ற வழியில்லை. மருந்து படாத தொட்டிச் செடியோ பக்கத்து வீட்டு மரமோ இருந்தால் மட்டும் ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு ஜாடிக்கு மூன்று புழு, மிஞ்சினால் நான்கு. இலைக்கொத்தைக் காம்போடு வெட்டி, பழைய மருந்து பாட்டில் ஒன்றில் தண்ணீர் ஊற்றிச் செருகி, பாட்டிலின் வாயைப் பஞ்சால் இறுக்க அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் புழு காம்பு வழியே கீழே இறங்கித் தண்ணீரில் மூழ்கிவிடும். கொசு முட்டையிடும் என்பதும் இன்னொரு காரணம். மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் மாடிக்கு வந்து பார்த்தால் பட்டாம்பூச்சி வளர்க்கிறோம் என்ற பதில் எடுபடாது. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இலை காய்ந்து சுருண்டால் புதுக் கொத்து. புழுவைக் கையால் பிய்த்து மாற்றவே கூடாது. அது இலையில் பட்டு நூலால் மெத்தை நெய்து அதைப் பற்றிக்கொண்டிருக்கும். இழுத்தால் கால் கிழியும். உட்கார்ந்திருக்கும் இலைத்துண்டோடு கத்தரித்துப் புதுக் கொத்தின் மேல் வையுங்கள், தானே ஏறிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் அசையாமல் இருந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம். தோல் உரிக்கப் போகிறது, தொடாமல் விடுங்கள்.

முட்டை கடுகளவு, வெளிர் மஞ்சள், இளந்தளிரில் ஒவ்வொன்றாக இருக்கும். மூன்று நான்கு நாளில் பொரியும். முதல் நான்கு பருவத்திலும் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும்: பழுப்பு, நடுவில் வெள்ளைப் பட்டை, மேலே ஈரமான பளபளப்பு. கேட்டர்பியைத் தேடி வந்த பிள்ளை இதைக் காக்கை எச்சம் என்று தாண்டிப் போய்விடும். நான்காம் முறை தோல் உரித்த பிறகுதான் பச்சை. அதிலிருந்து ஐந்தாறு நாள் அசுரத் தீனி. மொத்தமாகத் தின்னும் இலையில் பெரும்பங்கு இந்தச் சில நாளில் போகும். விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு கொத்து நிறைய இலை வைத்துவிட்டு இரண்டு நாள் போய் வந்தால் வெறும் காம்பு நிற்கும்.

பொரித்ததிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஒரு நாள் புழு தண்ணீராகக் கழிந்துவிட்டு ஜாடி முழுக்க அலையும். சுள்ளி ஒன்றைச் சாய்த்து வைக்க வேண்டிய நேரம் அது. சுள்ளியில் வால் நுனியைப் பட்டுப் பொத்தானில் பொருத்திக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு, தென்னை மரம் ஏறுகிறவர் கயிற்றில் சாய்வது போலச் சாய்ந்து நிற்கும். அடுத்த நாள் தோல் உரிந்தால் கூட்டுப்புழு. பச்சையாகவும் இருக்கலாம், பழுப்பாகவும் இருக்கலாம். சுற்றிலும் இருப்பதைப் பொறுத்தது. விளையாட்டில் கேட்டர்பியின் கூட்டுப்புழு உருவமான மெட்டாபாட், 'இறுகு' என்ற ஒரே வித்தையோடு அசையாமல் நிற்கும். அசல் கூட்டுப்புழு அவ்வளவு சாது இல்லை, தொட்டால் இடுப்பை வெடுக்கென்று ஆட்டும். கேட்டர்பி 7-ம் நிலையில் மெட்டாபாட், 10-ம் நிலையில் பட்டர்ஃப்ரீ; அரை மணி நேர ஆட்டம். தொட்டியில் முட்டையிலிருந்து இறக்கை வரை ஒரு மாதம். கோடை விடுமுறைக்குள் ஒரு தலைமுறை சரியாக அடங்கும்.

சென்னை வெயிலில் எட்டிலிருந்து பன்னிரண்டு நாளில் கூடு வெடிக்கும். முதல் நாள் இரவே ஓட்டின் வழியாக இறக்கையின் கறுப்பு மஞ்சள் கோலம் தெரிந்துவிடும். வெளிவருவது பெரும்பாலும் விடியற்காலையில். வந்ததும் இறக்கை கசங்கின துணி மாதிரி சுருண்டிருக்கும். அது எதையாவது பற்றித் தலைகீழாகவோ செங்குத்தாகவோ தொங்கினால்தான் விரியும். கூட்டுப்புழு நூல் அறுந்து கீழே விழுந்துவிட்டால் வழுவழுப்பான பிளாஸ்டிக் தரையில் அப்படியே போட்டு வைக்காதீர்கள்; பக்கத்தில் ஒரு கோணித் துண்டையோ சொரசொரப்பான அட்டையையோ சாய்த்து வையுங்கள், ஏறிக்கொள்ளும். ஏற எதுவும் இல்லையென்றால் இறக்கை சுருண்டபடியே காய்ந்து இறுகிவிடும். பிறகு அது பறக்கவே பறக்காது. சொட்டும் பழுப்புத் திரவம் ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. இறக்கை காய இரண்டு மணி நேரம் விட்டு, வெயில் ஏறியதும் வெளியே விடலாம்.

சில கூடுகளிலிருந்து பட்டாம்பூச்சி வராது. பக்கவாட்டில் சின்னத் துளையிட்டுக் கொண்டு குளவிகள் வரும், அல்லது வெள்ளைப் புழுக்கள் நூலில் தொங்கி இறங்கி ஈயாகும். அவை முன்பே உள்ளே குடியேறிவிட்டன என்று பொருள். பிள்ளைகள் அழும். அந்த நாளை மறைக்காமல் காட்டுவதே நல்லது. கொல்லைச் செடியில் புழு கட்டுக்குள் இருப்பது அந்தக் குளவியால்தான். தஜிரி தன் பிராணிகள் சாகாமல் மயங்கி மட்டும் விழும்படி வைத்தார். ஜாடியில் அந்தச் சலுகை கிடையாது.

தஜிரியின் கல் வித்தையை இங்கே செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சென்னையில் ஈர மண்ணில் வைத்த செங்கல்லுக்கு அடியில் முதலில் வருவது மரவட்டை, அப்புறம் பூரான், சில இடத்தில் தேள். கல்லின் அடியில் விரலை விடாதீர்கள். ஒரு குச்சியால் எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்கி உங்கள் பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். உள்ளிருப்பது எதுவானாலும் உங்களை விட்டு அந்தப் பக்கமாக ஓடும், கல் நடுவில் கேடயமாக நிற்கும். பார்த்தபின் கல்லை இருந்த மாதிரியே வைத்துவிட வேண்டும். பகலில் வெந்து போகும் மண்ணில் அந்த நிழல்தான் அவற்றின் வீடு.

தேன் தடவும் வழி இங்கே கட்டெறும்புக்குத்தான் விருந்து. அதற்குப் பதில், கறுத்துப்போன வாழைப்பழம் இரண்டை 50 கிராம் வெல்லத்தோடு பிசைந்து, மூடியைத் தளர்த்தி வைத்து ஒரு நாள் புளிக்க விடுங்கள். இறுக மூடினால் காற்று கட்டி மூடி தெறிக்கும். ஒரு தட்டில் வைத்துக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டு, கயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு வாசலின் தடவினால் எறும்பு இறங்காது. பொழுது சாயும்போது அந்துப்பூச்சிகள் வரும். வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்கு வைத்துப் பார்க்கிற வழியும் உண்டு. ஆனால் எல்இடி பல்பு வைத்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்று குறைப்படுகிறார்கள். பூச்சியை இழுக்கும் புற ஊதாக்கதிர் எல்இடியில் அநேகமாக இல்லை. பழைய குழல்விளக்கு இருந்தால் போடுங்கள், அமாவாசையை ஒட்டிய இரவில். முதல் மழைக்கு மறுநாள் வேண்டாம். ஈசல் வேட்டியை மூடிவிடும்.

பொன்வண்டு பற்றியும் யாராவது எழுதக்கூடும். தீப்பெட்டியில் வேல இலை போட்டு அடைத்தால் அரிசி மாதிரி முட்டை இடும், அதுவரை உண்மை. ஆனால் அதன் புழு மண்ணுக்குள் வேர் தின்று வளர்வது. தீப்பெட்டியில் ஒன்றும் நடக்காது. கழுத்தில் நூல் கட்டிப் பறக்கவிடும் விளையாட்டு வேண்டவே வேண்டாம், மூட்டு அறுந்துவிடும். கிண்டி தேசியப் பூங்காவுக்குள்ளிருந்து எந்த உயிரையும் எடுக்கக் கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப் பட்டியலில் சில பட்டாம்பூச்சிகளும் இருக்கின்றன. வீட்டுத் தொட்டிக்குத் தானாக வந்த புழு, வளர்ந்ததும் அங்கேயே விடுவது என்று வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

மச்சிடாவில் குட்டை மறைந்ததைப் படித்து வருத்தப்படுகிறவர்கள் தம் காலடியையும் பார்க்கலாம். 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியை வடித்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. அந்த ஏரியின் நினைவு இன்று லேக் வியூ ரோடு என்ற பெயர்ப்பலகையில் மட்டும். வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடம் நுங்கம்பாக்கம் ஏரி. 2022-ல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் மிச்சம் இருக்கிறது. அங்கே தட்டானும் ஊசித்தட்டானும் இன்னும் பார்க்கலாம், கரையில் நின்று, கண்ணால்.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். அந்தக் கட்டத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள்: மூடி இல்லை, வலை; புல் இல்லை, எடுத்த செடியின் இலை; கடைக் கறிவேப்பிலை கூடாது; சாய்வாக ஒரு சுள்ளி. நான்கு வரி போதும். அதைப் பள்ளி மூடுவதற்கு முந்தைய வாரத்தில் போட்டால் பிள்ளைகளுக்கு ஒரு முழு மாதம் கிடைக்கும். அடுத்தது, மாநகராட்சிப் பூங்காக்களில் ஓரமாக நாலு எலுமிச்சை, இரண்டு எருக்கு, கொஞ்சம் ஆமணக்கு விட்டு, அந்த ஓரத்துக்கு மட்டும் மருந்தடிக்காமல் இருக்க வேண்டும் என்று உங்கள் நகரச் செய்திப் பக்கம் ஒரு முறை எழுதட்டும். எருக்கை முளைத்த உடனே பிடுங்குகிறார்கள். வெந்தய வரியனுக்கு முட்டையிட வேறு இடம் பெரிதாக இல்லை.

ஜாடியின் அடியில் விரிக்கச் செய்தித்தாளே போதும், தினமும் ஒரு தாள் மாற்றினால் பூஞ்சை வராது. உங்கள் நாளிதழின் சாதாரணப் பக்கம் நன்றாக ஈரம் உறிஞ்சுகிறது. போக்கிமான் கட்டுரை வந்த அந்த வழவழப்பான ஞாயிறு இணைப்பு மட்டும் உதவாது.

இப்படிக்கு,
பூச்சி வளர்ப்போர் சிலர்,
மேற்கு மாம்பலம், சென்னை - 33.